இஃது எந்த எழுத்து?
கணிப்பொறிக் கோப்புகளின் குறியீட்டை அறிய முயன்ற வரலாறு

பழைய ஓலைச்சுவடிகளில் புள்ளியிட்டு எழுதும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடும் என்னும் அச்சமே அதற்குக் காரணம் என்பர். எகரக் குறிலுக்குப் புள்ளி உண்டு என்பது இலக்கண விதி. புள்ளி விடுபட்ட ஓலையிலோ எரியும் ஏரியும் ஒரே வடிவில் நின்றன. ரகரத்திற்கும் நெடிலைக் காட்டும் காலுக்கும் வேறுபாடு தெரியவில்லை. 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையரும் அவர் காலத்துப் பதிப்பாசிரியர் பிறரும் இத்தகைய ஓலைகளோடுதான் மல்லாட வேண்டியிருந்தது. அவர்களுக்கு ஒரு துணை இருந்தது, அதுவே யாப்பு. எரி என்பது நிரையசை ஒன்று. ஏரி என்பது நேரும் நேருமாகிய தேமா. தளை பிழையாமல் நிற்பது எதுவோ அதுவே புலவன் எழுதியது என்று துணியலாம். ஓலை சொல்லாததைச் செய்யுள் சொல்லிற்று.

ஒரு நூற்றாண்டு கழிந்தபின் இதே இக்கட்டு தமிழுக்கு வேறோர் உருவில் வந்து சேர்ந்தது. 1990களில் தட்டச்சான கவிதைத் தொகுதிகளும் சிற்றிதழ்ப் பக்கங்களும் நெகிழ்வட்டுகளிலிருந்து வன்தட்டுகளுக்கும் அங்கிருந்து வேறு வட்டுகளுக்கும் இடம்பெயர்ந்து வந்திருக்கின்றன. கோப்பு கெடவில்லை. ஒரு பைட்டும் குறையவில்லை. எனினும் திறந்தால் தமிழ் தெரிவதில்லை. எந்த எழுத்துருவை மனத்திற்கொண்டு அது தட்டச்சாயிற்று என்பது கோப்பினுள் எங்கும் எழுதப்படாமையே காரணம்.

கணிப்பொறி எழுத்தை அறியாது. எண்ணை மட்டுமே அறியும். இன்ன எண் இன்ன எழுத்து என்று மனிதர் வகுத்துக்கொண்ட அட்டவணையே குறியீட்டு முறை எனப்படுவது. அமெரிக்காவில் 1963ஆம் ஆண்டு வெளியான ஆஸ்கி அட்டவணையில் 128 இடங்கள் இருந்தன. ஆங்கில நெடுங்கணக்குக்கும் இலக்கங்களுக்கும் நிறுத்தக்குறிகளுக்கும் அவை போதுமானவை. ஒரு பைட்டில் 256 எண்கள் அடங்குமாதலின் எஞ்சிய 128 இடங்கள் வெறுமையாய்க் கிடந்தன. அவ்வெற்றிடத்தில் உருசியர் தம் எழுத்தை வைத்தனர். கிரேக்கர் தம் எழுத்தை வைத்தனர். மேலை ஐரோப்பியர் தலைக்கோடிட்ட தம் உயிரெழுத்துகளை வைத்தனர். ஒரே எண் ஊருக்கோர் எழுத்தாயிற்று.

எந்த அட்டவணை என்று கோப்பின் நெற்றியில் எழுதிவைத்திருந்தால் இத்தொல்லை எழுந்திராது. பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் இயங்குதளத்தைப் படைத்தோர் அவ்வாறு செய்யவில்லை. கோப்பு என்பது பைட்டுகளின் வரிசை, அவ்வளவே என்பது அவர்தம் கொள்கை. அவ்வெளிமையே யூனிக்ஸின் வலிமை என்று போற்றப்படுகிறது. அதன் மறுபக்கமே இக்கட்டுரையின் பொருள். பெயர்ச்சீட்டு ஒட்டாத கோப்பை எப்படி அறிவது? 1971ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே 'ஓ.டி.' என்னும் கட்டளை இருந்தது. கோப்பின் பைட்டுகளை எண்களாகவே அஃது அச்சிட்டுக் காட்டும். ஓலையைப் படிக்கத் தெரியாதவன் கீறல்களை மட்டும் படியெடுத்துத் தருவதைப் போன்றது அது. பொருள் கூறாது, ஆனால் பொய்யும் கூறாது.

1973ஆம் ஆண்டு நான்காம் பதிப்பில் 'ஃபைல்' என்னும் கட்டளை வந்தது. கட்டளை வரியில் இச்சொல்லையும் கோப்பின் பெயரையும் தட்டினால் அது இன்ன வகைக் கோப்பு என்று ஒரு வரியில் விடை வரும். இயங்கும் நிரல்களின் தொடக்கத்தில் குறித்த எண் ஒன்று இருக்கும். அதற்கு 'மாய எண்' என்று பெயர். அதைக் கண்டு அவ்வகைக் கோப்பைச் சொல்லிவிடலாம். மனிதர் எழுதிய உரைக்கோ மாய எண் கிடையாது. ஆகவே உரையைப் பொறுத்தவரை இக்கட்டளை முதல்நாள் தொட்டு ஊகமே செய்துவந்தது.

அவ்வூகம் எத்தகையது என்பதற்கு 1979ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்பு நல்ல சான்று. கோப்பில் இருப்பது ஆங்கிலமா என்று பார்க்க அதில் ஒரு சிறு சோதனை உண்டு. உயிரெழுத்துகள் இடைவெளி நீங்கிய மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கேனும் இருத்தல் வேண்டும். அடிக்கடி வரும் எழுத்துகளாகிய ஈ, டி, ஏ, ஐ, ஓ, என் ஆறும் அருகி வரும் வி, ஜே, கே, கியூ, எக்ஸ், இசட் ஆறினும் பத்து மடங்கேனும் மிக்கிருத்தல் வேண்டும். அரைப்புள்ளியின் தொகை 'ஈ'யின் தொகையில் பாதியைத் தாண்டினால் அது ஆங்கிலம் அன்று, நிரலாக இருக்கலாம். ஐம்பது எழுத்துக்குக் குறைந்த துணுக்குகளிடம் புள்ளியியல் செல்லாது என்று அவற்றை ஆராயாமலே விட்டுவிடும். எழுத்துகளின் வரவை எண்ணி மொழியை உணர்தல் என்னும் கருத்து இங்கே முளைவிட்டிருப்பது நோக்கத்தக்கது.

இன்று பெரும்பாலான யூனிக்ஸ் வழிக் கணிப்பொறிகளில் இயங்கும் 'ஃபைல்' இந்த மூலத்தின் நேர்வழித்தோன்றல் அன்று. இயான் டார்வின் என்பார் 1986ஆம் ஆண்டு, பிறர் எழுதிய மூலநிரலைப் பாராமலே, புதிதாக எழுதி யாவர்க்கும் உரிமையாக்கிய ஒன்று அது. பின்னர்க் கிறிஸ்டோஸ் சூலாஸ் அதனைப் பேணி வளர்த்தார். ஆங்கிலமா என்று கேட்பதைக் காட்டிலும் எந்த அட்டவணை என்று கேட்பது முதன்மையாகிவிட்ட காலம் அது.

தமிழ் கணிப்பொறி ஏறியதும் அக்காலத்தில்தான். அரசும் நிறுவனமும் வழிகாட்டும்வரை எழுதுவோர் காத்திருக்கவில்லை. கிடைத்த எழுத்துருவைக் கொண்டு தட்டச்சினர். ஈழத்தமிழரிடையே பெருவழக்குப் பெற்ற பாமினி எழுத்துரு தட்டச்சுப்பொறியின் விசையமைப்பைத் தழுவி, ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே தமிழ் வடிவங்களை அமர்த்திக்கொண்டது. மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு, சிங்கப்பூரில் எழுத்தாளர் நா. கோவிந்தசாமியின் கணியன், சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரத்தின் மயிலை என ஒவ்வொன்றும் தமிழ்த் தொண்டே. ஆயினும் ஒன்றில் எழுதியது மற்றொன்றில் படிக்க வாராது. சிங்கப்பூரில் 1997ஆம் ஆண்டு கூடிய தமிழிணைய மாநாட்டில் இச்சிக்கல் வெளிப்பட விவாதிக்கப்பட்டது. பல நாடுகளில் வாழ்ந்த தமிழர் மின்னஞ்சல் வழியே கூடிப்பேசித் 'திஸ்கி' என்னும் குறியீட்டை வகுத்தனர். 1999ஆம் ஆண்டு சென்னையில் நிகழ்ந்த மாநாட்டின் வழியாகத் தமிழக அரசு 'டாம்', 'டாப்' என இரண்டை ஏற்றது. இவற்றிற்கு முன்னரே, இந்தியத் தரக்குறியீடாகிய 'இஸ்கி'யின் 1988ஆம் ஆண்டு அமைப்பைத் தழுவி, 1991ஆம் ஆண்டின் ஒருங்குறி அட்டவணையில் தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அதைத் திரையில் ஒழுங்காகக் காட்டும் கணிப்பொறிகள் பரவலாக வந்துசேர மேலும் பல ஆண்டுகள் ஆயின. தர முறைகளைத் தேடிய காலத்திலேயே தரமுறைகள் பலவாயின என்பது கசப்பானதோர் உண்மை.

தமிழ் என்னும் ஒரு சொல்லையே எடுத்துக்கொண்டால் நிலைமை விளங்கும். பாமினியில் அது ஜே, கே, பி, ஓ என்னும் சிறிய ஆங்கில எழுத்துகள் நான்கும் ஓர் அரைப்புள்ளியும் ஆகும். அரைப்புள்ளியே மெய்யின் புள்ளி. திஸ்கியில் 190, 193, 162, 250 என நான்கு எண்கள். ஒருங்குறியில் ஐந்து குறிகள், அவற்றை யூ.டி.எஃப்-8 முறையில் எழுதினால் பதினைந்து பைட்டுகள். இம்மூன்று கோப்புகளையும் 'ஃபைல்' கட்டளையிடம் கொடுத்தால் முதலாவதை ஆஸ்கி உரை என்னும். அவ்விடை சற்றும் பிழையன்று. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துக்குரிய எண்களே. அவை தமிழாவது படிப்பவன் கண்ணில் பாமினி எழுத்துரு இருக்கும்போது மட்டுமே. ஆவணச் செயலி கொண்டு சேமித்திருந்தால் எழுத்துருவின் பெயராவது உடன் இருக்கும். வெறும் உரைக்கோப்பில் அப்பெயரும் உதிர்ந்துபோயிற்று.

இங்கே ஏழாம் பதிப்பின் பழைய சோதனையை நினைவுகூர்தல் தகும். பாமினித் தமிழில் 'ஈ' என்பது நகரம். அரைப்புள்ளி என்பது புள்ளி. தமிழில் மெய்கள் மிகுதி; தந்நகரமோ குறைவு. அருகி வரும் எழுத்துகள் என்று அச்சோதனை ஒதுக்கிய ஜேயும் கேயும் இங்கே தகரமும் மகரமும் ஆகும். பாமினியில் தட்டச்சான கவிதை ஒன்றைக் கொடுத்திருந்தால் 1979ஆம் ஆண்டின் அச்சிறு நிரல் இஃது ஆங்கிலம் அன்று என்று சரியாகவே சொல்லியிருக்கும். தமிழ் என்று சொல்ல அதற்கு வழியில்லை. அன்று என்று சொல்ல வழி இருந்தது. பின்வந்த நிரலின் சொல்லோ ஆஸ்கி என்பதோடு நின்றுவிடுகிறது.

திஸ்கிக் கோப்பின் நிலை இன்னும் வியப்புக்குரியது. மேலை ஐரோப்பிய அட்டவணையில் 160 முதல் 255 வரை உள்ள இடங்களில் எழுத்துகள் உள்ளன. 128 முதல் 159 வரை கட்டுப்பாட்டுக் குறிகளுக்கென விடப்பட்டவை. 'ஃபைல்' இந்த வேறுபாட்டையே அளவுகோலாகக் கொள்கிறது. மேலடுக்கு எண்கள் மட்டும் வந்தால் ஐ.எஸ்.ஓ.-8859 உரை என்னும். கீழடுக்கு எண்ணும் கலந்தால் ஐ.எஸ்.ஓ. அல்லாத விரிவுற்ற ஆஸ்கி என்னும். திஸ்கியை வகுத்தோர் தமிழுக்கே உரிய எழுத்துகளில் அன்றாடம் வழங்குவன எல்லாவற்றையும் மேலடுக்கில் வைத்தனர். ஜ, ஷ முதலான கிரந்த எழுத்துகளையும் தமிழ் இலக்கங்களையும் வளைந்த மேற்கோள் குறிகளையும் கீழடுக்கில் வைத்தனர். விளைவு யாதெனில், கிரந்தம் கலவாத சங்கப் பாடல் ஒரு வகைக் கோப்பாகவும், 'ராஜா' என்னும் ஒரு சொல் நுழைந்த பாடல் மற்றொரு வகைக் கோப்பாகவும் அறிவிக்கப்படும். தனித்தமிழுக்கும் வடசொற் கலப்புக்கும் இடையே தான் கோடு கிழிப்பதை அந்நிரல் அறியாது. இரண்டு விடைகளிலும் தமிழ் இல்லை என்பதே இதில் பெரிய செய்தி.

மேலடுக்கிலும் ஒரு பொல்லாத இடம் இருந்தது. 173ஆம் எண் மேலை அட்டவணையில் வரியிறுதியில் மட்டும் தோன்றி மற்ற இடங்களில் மறையும் இணைப்புக்குறிக்கு உரியது. திஸ்கியின் முந்தைய வடிவில் இகர உயிர் அங்கே வைக்கப்பட்டது. மேலை வழக்கை அறிந்த மென்பொருள்கள் அதை மறைத்துவிட, இரவும் இலையும் தலையிழந்து நின்றன. பின்னர் இகரம் 254ஆம் இடத்திற்கு மாற்றப்பட்டது. 173ஐச் சொல்லின் முதலில் கொண்ட கோப்பு முந்தைய வழக்கினது என்று காலம் கணிக்க இவ்விடமாற்றம் இன்று உதவுகிறது. கல்வெட்டில் எழுத்தின் வடிவத்தைக் கொண்டு நூற்றாண்டைக் குறிப்பதை ஒத்தது இது.

யூ.டி.எஃப்-8 மட்டுமே இத்தகைய ஐயங்களுக்கு இடம் தராதது. 1992ஆம் ஆண்டு செப்டம்பரில் நியூ செர்சியின் உணவகம் ஒன்றில் கென் தாம்சன், ராப் பைக் இருவரும் உண்ணும்போது மேசைத்தாளில் அதன் அமைப்பு உருவாயிற்று. அதில் ஒவ்வோர் எழுத்தின் முதற்பைட்டும் தன்பின் எத்தனை பைட்டுகள் வரும் என்பதைத் தன்னுள்ளேயே கொண்டிருக்கும். தொடரும் பைட்டுகள் 128 முதல் 191 வரைக்குள் அமைந்தே தீரவேண்டும். யாப்பிலக்கணம் உடைய குறியீடு என்று இதனைச் சொல்லலாம். தளை தட்டினால் உடனே தெரிந்துவிடும். திஸ்கியில் எழுதிய 'தமிழ்' முதற்பைட்டாகிய 190இலேயே தோற்றுவிடுகிறது. தொடர்பைட்டு தலைவனின்றித் தனித்து நிற்றல் ஆகாது. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் இங்கு 224 என்று தொடங்கும். அடுத்தது 174 அல்லது 175. 'ஓ.டி.' கட்டளையின் வெளியீட்டில் மும்மூன்றாகத் திரும்பித் திரும்பி வரும் இத்தாளத்தைக் கண்டால் ஐயமின்றித் தமிழ் எனலாம்.

'ஐகான்வ்' என்னும் கட்டளை ஓர் அட்டவணையிலிருந்து மற்றோர் அட்டவணைக்கு உரையை மாற்றுவது. சோதனைக்கும் அதனைப் பயன்கொள்வர். யூ.டி.எஃப்-8 எனக் கூறி ஒரு கோப்பைக் கொடுத்து, அது மறுப்பின்றி ஏற்றால், கோப்பு அம்முறையினது என்று பெரும்பாலும் துணியலாம். மேலை ஐரோப்பிய அட்டவணை என்று கூறிக் கொடுத்தாலோ எதையும் ஏற்கும். எதையும் மறுக்காத சாட்சியின் சொல்லுக்கு மதிப்பில்லை. லினக்ஸ் கணிப்பொறிகளின் குனு சி நிரலகத்தில் 2002ஆம் ஆண்டு திஸ்கி அட்டவணையும் சேர்க்கப்பட்டது. 2007ஆம் ஆண்டு அக்குறியீடு இணையப் பெயர்ப்பதிவிலும் இடம்பெற்றது. மாற்றும் வழி பிறந்தது. இன்னதிலிருந்து மாற்றுக என்று சொல்லவேண்டியவன் மட்டும் மனிதனாகவே இருந்தான்.

புள்ளியியல் வழியாக அதையும் பொறியிடமே விடலாம் என்று எண்ணியோர் உண்டு. நெட்ஸ்கேப் நிறுவனத்தினரான ஷான்ஜியான் லீ, கட்சுஹிகோ மொமொய் இருவரும் 2001ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை இத்துறையில் திருப்பம் தந்தது. குறியீட்டின் விதி மீறப்படுகிறதா, எந்த எழுத்து எவ்வளவு வருகிறது, எந்த எழுத்தை அடுத்து எது வருகிறது என மூன்றையும் கூட்டி முடிவு காண்பது அவர்தம் முறை. சீனம், சப்பானியம், கொரியம், உருசியம், கிரேக்கம் ஆகியவற்றிற்கு அது நன்கு பயன்பட்டது. இம்முறையில் எழுந்த மொசில்லாவின் நிரலுக்குத் தமிழின் எழுத்துவரவு கற்பிக்கப்படவில்லை. கற்பியாத மொழியை அது வேறொன்றாகவே காணும். ஊகம் எவ்வளவு வழுக்கும் என்பதற்கு விண்டோசு எக்ஸ்பி காலத்து நோட்பேடின் கதை போதும். நான்கு, மூன்று, மூன்று, ஐந்து எழுத்துகளாலான நான்கு ஆங்கிலச் சொற்களை ஒரு கோப்பில் எழுதிச் சேமித்துத் திறந்தால் சிலவேளை சீன எழுத்துகள் தோன்றின. அசைக்கணக்கு மட்டும் பார்த்துப் பாவினம் சொல்லும் மாணவனின் பிழை அது.

தமிழ்க் கோப்பை அறிவதற்குரிய கருவி தமிழிலக்கணத்திலேயே இருக்கிறது என்பதை இவ்விடத்தில் வலியுறுத்த வேண்டும். தொல்காப்பியத்தின் மொழிமரபு, சொல்லுக்கு முதலில் எவை வரும், இறுதியில் எவை வரும் என்று வரையறுக்கிறது. தனிமெய் முதலில் வாராது. மெய்களுள் பதினொன்றே இறுதியாகும்; வல்லினம் ஆறும் ஙகரமும் ஆகா. திஸ்கியில் புள்ளி பெற்ற மெய்கள் 236 முதல் 253 வரை நிற்கின்றன. ஐயத்திற்குரிய கோப்பைத் திஸ்கி எனக் கொண்டு நோக்கி, இடைவெளியை அடுத்து இவ்வெண்கள் வருகின்றனவா என்று எண்ணினால் போதும். அரிதாகவே வருமாயின் துணிபு வலுப்பெறும். வரிதோறும் வருமாயின் அட்டவணை வேறு. கொம்பும் இரட்டைக்கொம்பும் ஐகாரக் குறியும் இங்கே எழுதும் முறைப்படி மெய்க்கு முன்னரே நிற்பதால், 166, 167, 168 ஆகிய எண்களை அடுத்து மெய்யல்லாத ஒன்று வரின் அதுவும் பிழைக்குச் சான்று.

வல்லினம் இறுதியாகாது என்னும் விதிக்குப் புணர்ச்சி ஒரு புறநடை தருகிறது; அப்புறநடை விதியினும் கூரிய கருவியாக அமைகிறது. 'அதைக் கண்டான்' என்பதில் ககர ஒற்று சொல்லின் இறுதியில் நிற்கிறது. ஆயினும் அடுத்த சொல் ககரத்தில்தான் தொடங்கியாக வேண்டும். திஸ்கியில் 236, அடுத்து இடைவெளி, அடுத்து 184 அல்லது அதன் இனம். க, ச, த, ப நான்கிற்கும் இவ்வுறவு கோப்பெங்கும் தவறாது காணப்படுமாயின், வேறெந்த அட்டவணையும் இத்தகைய தற்செயலைத் தர இயலாது. டாப் என்றும் பாமினி என்றும் கொண்டு இதே கணக்கை எடுத்து ஒப்புநோக்கலாம். இவற்றை நிரலாக எழுதக் கட்டளை வரியில் சில வரிகளே தேவை.

இவ்வளவு எச்சரிக்கை எதற்கு என்றால், தவறான துணிபு கோப்பையே மாற்றிவிடும் ஆதலின். திஸ்கிக் கோப்பை மேலை ஐரோப்பியமெனத் தவறாகக் கொண்டு யூ.டி.எஃப்-8க்கு மாற்றினால் நான்கு பைட்டுத் 'தமிழ்' எட்டுப் பைட்டாகும். முக்கால் குறியும் சென்ட் நாணயக் குறியும் தலைக்கோடிட்ட எழுத்துகளும் அங்கே நிற்கும். அதன்பின் 'ஃபைல்' அதனை யூ.டி.எஃப்-8 என்றே சொல்லும். விடை மெய், உரை பொய். 194, 195 என்னும் எண்கள் ஒன்றுவிட்டு ஒன்றாக வருவது இப்பிழையின் அடையாளம். இதனைப் பின்னோக்கி மாற்றி மீட்டுவிடலாம். மீட்க முடியாதது மற்றொன்று. தன் அட்டவணையில் இல்லாத எண்ணுக்கெல்லாம் கேள்விக்குறியை வைத்துச் சேமித்துவிடும் மென்பொருள்கள் பல. 63, 63, 63 என்று நிற்கும் கோப்பில் ககரம் எது, மகரம் எது என்று எந்த இலக்கணமும் சொல்லாது. செல்லரித்த ஓலையில் ஓட்டையின் வடிவமாவது மிஞ்சும். இங்கே அதுவும் இல்லை. மூலக்கோப்பின் படி ஒன்றைத் தொடாமல் வைத்துக்கொண்டே சோதனையில் இறங்குவது துறையறிந்தோர் வழக்கம்.

1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தான் திரட்டிய பண்டை நூல்களைத் திஸ்கியிலும் பின்னர் ஒருங்குறியிலும் வெளியிட்டது. குறியீட்டின் பெயரை ஒவ்வொரு கோப்பிலும் குறித்தே வெளியிட்டதால் அந்நூல்களுக்கு இவ்விடர் இல்லை. 2010ஆம் ஆண்டு தமிழக அரசு ஒருங்குறியைத் தன் தரமாக ஏற்றபின் புதிதாக எழுதப்படுவனவற்றுக்கும் இவ்வச்சம் பெரிதும் நீங்கியது. இடர்ப்பட்டு நிற்பவை இடைக்காலத்துப் படைப்புகளே, அவற்றுள்ளும் கவிதைகள்.

கவிதை என்று பிரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மேற்கூறிய கணக்குகள் யாவும் நீண்ட உரைநடையில் நன்கு பலிக்கும். புதுக்கவிதையோ ஒற்று மிகுவதைப் பொருட்படுத்தாது விடுவதுண்டு. சொல்லை இரண்டாக உடைத்து அடுத்த வரியின் தலையில் விகுதியை வைப்பதுண்டு. மூன்று வரியில் முடிந்துவிடுவதும் உண்டு. ஐம்பது எழுத்துக்குக் குறைந்தால் ஆராய வேண்டா என்று ஏழாம் பதிப்பின் நிரல் ஒதுக்கியது இத்தகையவற்றையே. அந்தக் கவிதை அச்சேறிய இதழ் ஒன்று கிடைக்குமாயின் வழி எளிது. அச்சுப்படியை ஒருபுறமும் 'ஓ.டி.' தந்த எண்களை மறுபுறமும் வைத்து முதல்வரியை எழுத்தெழுத்தாகப் பொருத்தினால், அட்டவணையின் பெயர் தெரியாவிடினும் அதன் இடங்கள் ஒவ்வொன்றாக வெளிப்படும். மூன்று வரி முடிவதற்குள் பத்துப் பதினைந்து எழுத்துகளின் எண்கள் கைக்கு வந்துவிடும். அவற்றைக் கொண்டு அதே வட்டிலுள்ள மற்றக் கவிதைகளுக்குச் செல்லலாம்.